வரிசையும் வெற்று இருக்கையும்

(போலந்து நாட்டின் அன்றாட வாழ்வை எழுதிய அயலார் எழுத்துகள் குறித்த ஒரு திறனாய்வு)

பயணக் கட்டுரை எழுதுக என்று மாணவரை நாம் ஏவுகிறோம். அவர்களும் எழுதுகிறார்கள். 'அந்நாட்டு மக்கள் சுறுசுறுப்பானவர்கள்', 'இந்நாட்டு மக்கள் அமைதியை விரும்புபவர்கள்' என்னும் தொடர்கள் ஆண்டுதோறும் நம் மேசைக்கு வருகின்றன. ஒற்று மிகுந்திருந்தால் சுழிக்கிறோம். ஒருமை பன்மை மயங்கியிருந்தால் திருத்துகிறோம். ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் ஒரே பெயரடைக்குள் அடைத்துவிடும் பிழையை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறோம். இவ்வாறு கூறும் நானும் அப்பிழையைச் செய்தவனே.

1992ஆம் ஆண்டு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவனாக இருந்தேன். 'நான் அறிந்த அயல்நாடு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு விரிவுரையாளர் பணித்தார். நான் எந்த அயல்நாட்டையும் கண்டறியேன். தந்தையார் கட்டி வைத்திருந்த பழைய வார இதழ்களில் போலந்து நாட்டைப் பற்றிய கட்டுரை ஒன்று கிடைத்தது. வார்சா நகரில் சில காலம் தங்கியிருந்த ஒருவர் எழுதியது. இறைச்சிக் கடையின் முன் விடியுமுன்னரே மக்கள் வந்து நிற்கும் காட்சியை அவர் நன்கு வருணித்திருந்தார். அதனைக் கைக்கொண்டு, 'போலந்து மக்கள் பிறவியிலேயே பொறுமைசாலிகள். வரிசையில் நிற்பது அவர்தம் தேசியப் பண்பு' என்று எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். நான் அவ்வாறு எழுதிய நாளில், அந்நாட்டில் அவ்வரிசைகள் மறைந்து ஈராண்டுகள் கடந்திருந்தன. எழுதியவனுக்கும் அது தெரியாது. மதிப்பெண் இட்டவருக்கும் தெரியாது.

பல ஆண்டுகளுக்குப் பின் உண்மையை அறிந்தபோது நாணினேன். இக்கட்டுரை, அந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்கும் முயற்சி என்று கொள்க.

அளவுகோல் யாது?

அயல்நாட்டைப் பற்றி எழுதுவோர் இரு வகையினர். ஒருவர் கண்டு மீள்பவர். மற்றவர் தங்கி வாழ்பவர். கண்டு மீள்பவர் அரண்மனையையும் ஆலயத்தையும் எழுதுகிறார். தங்கி வாழ்பவரோ அடுப்படியையும் அண்டை வீட்டையும் எழுதுகிறார். ஆதலின் தங்கி வாழ்பவரின் சொல்லை நாம் மிகுதியும் நம்புகிறோம். நம்பிக்கை மிகும் இடத்தில் பொறுப்பும் மிகுதல் வேண்டும் அன்றோ? அவர் தவறாக எழுதின், அத்தவறு ஐயத்திற்கு இடமின்றி நம் நெஞ்சில் பதிந்துவிடும்.

இத்தகு எழுத்தை எவ்வாறு எடைபோடுவது? மேலைத் திறனாய்வாளரைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியம் வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பொருளே போதும். தொல்காப்பியர் பயணக் கட்டுரைக்கு இலக்கணம் கூறினார் என்று நான் வாதிடவில்லை. ஆயினும் முதற்பொருள் யாதெனக் கூறுமிடத்து, நிலத்தை மட்டும் கூறி அவர் அமைந்தாரில்லை. நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார். உணவும் தொழிலும் விலங்கும் பறவையும் போன்றவை கருப்பொருள். மாந்தரின் அக ஒழுக்கமே உரிப்பொருள்.

அயல்நாட்டை எழுதுவோர் நிலத்தை மறப்பதில்லை. ஆற்றின் பெயரும் தெருவின் பெயரும் தவறாமல் வரும். அவர்கள் மறப்பது பொழுதை. பொழுதை நீக்கிவிட்டால், ஒரு காலத்தின் கருப்பொருள் அம்மக்களின் உரிப்பொருளாகத் தோன்றத் தொடங்கும். நெருக்கடி தந்த பழக்கம் இனத்தின் இயல்பாகிவிடும். இதுவே என் கட்டுரைக்கு நேர்ந்த விபத்து. இவ்வளவுகோலைக் கொண்டு, போலந்தின் அன்றாட வாழ்வைக் கண்ட எழுத்துகள் சிலவற்றை இனிக் காண்போம்.

வரிசை என்னும் கருப்பொருள்

போலந்து மொழியில் வரிசையைக் 'கொலெய்கா' என்பர். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் அந்நாட்டில் தங்கியிருந்த எந்த அயலாரும் அச்சொல்லைக் கல்லாமல் இருந்திருக்க இயலாது. 1976இல் சீனிக்குப் பங்கீட்டு அட்டை வந்தது. 1981இல் இறைச்சிக்கும் வந்தது. கடைக்காரரிடம் எதைக் கேட்டாலும் 'நியே மா' என்னும் விடையே வரும். 'இல்லை' என்பது அதன் பொருள். தட்டுகளில் காடி போத்தல்கள் மட்டும் அடுக்கியிருந்த கடைகளைப் பற்றி அக்காலத்தில் வாழ்ந்தோர் இன்றும் பேசுகின்றனர்.

அவ்வரிசை வெறும் மனிதக் கோடு அன்று. தனக்கென ஒழுங்குமுறை கொண்ட ஒரு சிறு சமுதாயம். குளிர்பதனப் பெட்டி, தளவாடங்கள் போன்ற பெரும்பொருள்களுக்குப் பல நாள் காத்திருக்க நேரும். ஆதலின் மக்களே பெயர்ப்பட்டியல் எழுதிக் குழு அமைத்துக்கொள்வர். குறித்த நேரங்களில் பெயர் அழைக்கப்படும். அழைக்கும்போது இல்லாதவரின் பெயர் அடிக்கப்படும். கூலிக்கு நிற்போரும் இருந்தனர். ஓய்வூதியம் பெறும் முதியோர் பலர் அவ்வாறு நின்றனர். கருவுற்ற மகளிர்க்கும் கைக்குழந்தை ஏந்திய தாய்மார்க்கும் முன்னுரிமை உண்டு. கடைக்குச் சரக்கு வருவதை 'எறிந்திருக்கிறார்கள்' என்னும் வினையால் குறிப்பர். முதலில் வரிசையில் நின்றுவிட்டு, அதன் பின்னரே 'என்ன எறிந்திருக்கிறார்கள்?' என்று முன்நிற்பவரை வினவுவதுண்டு. எது கிடைப்பினும் தேவையே என்ற நிலையை அவ்வொரு வினா காட்டிவிடுகிறது.

இவற்றையெல்லாம் கண்ட அயலார், 'எத்துணைப் பொறுமை!' என்று வியந்தனர். அவ்வியப்பில் அன்பு உண்டு. ஆனால் ஆராய்ச்சி இல்லை. வரிசை ஏன் நீண்டது என்று வினவியிருப்பின் விடை கணக்கில் இருந்தது. உணவுப் பொருளின் விலையை அரசே குறித்தது. விலையை உயர்த்த முயன்ற போதெல்லாம் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். 1970 திசம்பரிலும் 1976 சூனிலும் 1980 கோடையிலும் அதுவே நிகழ்ந்தது; 1970இல் கடற்கரை நகரங்களில் உயிர்கள் பலியாயின. 1980இன் எழுச்சி, க்தான்ஸ்க் கப்பல் கட்டுந்துறையில் 'ஒற்றுமை' என்னும் பொருள்படும் 'சொலிடாரிட்டி' தொழிற்சங்கத்தையே ஈன்றது. ஆகவே விலை ஏற இயலாது நின்றது, சரக்கோ குறைந்தது, கையிலோ பணம் இருந்தது. விலையில் ஏற வேண்டியது வரிசையின் நீளத்தில் ஏறியது. அவ்வளவே.

மேலும் நோக்குக: விலை உயர்ந்ததும் வேலையை நிறுத்தி, அரசையே அசைத்த மக்களை 'பிறவிப் பொறுமைசாலிகள்' என்பது எவ்வாறு பொருந்தும்? அதே மக்களே காலையில் வரிசையிலும் மாலையில் கிளர்ச்சியிலும் நின்றனர். ஒரு பாதியை மட்டும் கண்டு பண்பு கூறியது அயலாரின் பிழை.

1989 ஆகஸ்டில் இறைச்சிப் பங்கீடு நீங்கியது. 1990 சனவரி முதல் நாளிலிருந்து பெரும்பாலான விலைகள் கட்டவிழ்த்து விடப்பட்டன. சில கிழமைகளில் கடைகள் நிறைந்தன, வரிசைகள் கரைந்தன. விலைகள் மிக உயர்ந்து, வேலையின்மையும் பெருகி, வேறு வகைத் துன்பம் தொடங்கியது என்பதையும் மறைத்தல் ஆகாது. 2011இல் போலந்தின் தேசிய நினைவு நிறுவனம் 'கொலெய்கா' என்னும் பெயரிலேயே ஒரு பலகை விளையாட்டை வெளியிட்டது. வரிசையைக் காணாத தலைமுறைக்கு அதனை விளக்கும் பொருட்டு எழுந்த விளையாட்டு அது. தேசியப் பண்பு என்று நான் எழுதியதை, அத்தேசத்துப் பிள்ளைகள் விளையாட்டுப் பெட்டியைத் திறந்து கற்க வேண்டியதாயிற்று!

இன்னொன்றும் கூற வேண்டும். அவ்வரிசையை வருணித்த அயலார் எங்கே நின்றுகொண்டு வருணித்தனர்? அந்நாளில் 'பெவெக்ஸ்' என்னும் கடைகள் இருந்தன. அங்கே டாலர் முதலிய அயல்நாட்டு நாணயத்திற்கு, பிற கடைகளில் காணக் கிடைக்காத பொருள்களும் கிடைத்தன. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பணத்தைக் கொண்டு போலந்து மக்களும் அங்கே வாங்கியதுண்டு. ஆனால் அயலாருக்கு அது எளிய வாசல். சட்டைப்பையில் டாலரும் கடப்பிதழும் வைத்திருப்பவர் வரிசையில் நிற்பது பட்டறிவு. அவை இல்லாதவர் நிற்பது வாழ்க்கை. இவ்வேற்றுமையைத் தம் எழுத்தில் ஒப்புக்கொள்பவரே நேர்மையான எழுத்தாளர்.

இதனைப் போலந்து மக்கள் அறியாதவர் அல்லர். ஸ்தானிஸ்வாவ் பரேயா இயக்கி, 1986இல் தொலைக்காட்சிக்கு வந்த 'அல்தெர்நாதிவி 4' என்னும் நகைச்சுவைத் தொடர் வார்சாவின் ஒரு புதிய அடுக்ககத்தில் நிகழ்வது. அதில் ஆபிரகாம் லிங்கன் என்னும் பெயருடைய அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் வருகிறார். அவர் ஆராய வந்த பொருள் போலந்து நாட்டு வரிசைகள்! தம்மைக் கூர்ந்து நோக்கிக் குறிப்பெடுக்கும் அயலாரை அவர்களும் கூர்ந்து நோக்கிச் சிரித்திருக்கின்றனர். கண்ணாடிக்கு இரு பக்கம் உண்டு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

பொழுதைக் குறித்தவர்

பொழுதை மறவாது எழுதினால் யாது நிகழும் என்பதற்கு எதிர்மறைச் சான்றாக ஒரு பழைய நூலைக் காட்டலாம். ஆல்பிரட் டூப்ளின் செருமானிய நாவலாசிரியர். பெர்லினில் மருத்துவத் தொழில் புரிந்த யூதர். 1924இல் ஏறத்தாழ இரண்டு திங்கள் போலந்தில் திரிந்து, 'போலந்துப் பயணம்' என்னும் நூலை எழுதினார். அவரைத் தங்கி வாழ்ந்தவர் என்று கூற இயலாது. போலந்து மொழியும் அறியாதவர். ஆயினும் தம் நோக்கம் யாதென்பதை அவர் மறைக்கவில்லை. பெர்லினில் தாம் காணாத, தம் மரபிலேயே ஊன்றி வாழும் யூதரைக் காண்பதே அவர் வேட்கை. வார்சாவில் யூதர் செறிந்து வாழ்ந்த நலெவ்கித் தெருப் பகுதியின் கடைகளையும் கூட்டத்தையும் வழிபாட்டையும் நாள்தோறும் கண்டவாறே பதிவு செய்தார்.

அந்நாளில் வார்சா மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் யூதர். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1943இல் எழுந்த கிளர்ச்சியை ஒடுக்கிய நாசிப் படையினர் அப்பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கினர். மக்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். இன்று டூப்ளினின் நூலைத் திறப்போர், ஓர் இனத்தின் இயல்பைப் பற்றிய தீர்ப்புக்காக அதனைத் திறப்பதில்லை. 1924இன் இலையுதிர் காலத்தில் ஒரு தெரு எவ்வாறு ஒலித்தது என்பதை அறியவே திறக்கின்றனர். பொழுதைக் குறித்து எழுதியதால் அப்பொழுது கழிந்த பின்னும் நூல் மதிப்பிழக்கவில்லை; மதிப்பு மிகுந்தது. 'இவர்கள் எப்போதும் இப்படித்தான்' என்று எழுதப்பட்ட நூல்களோ, காலம் சற்றே அசைந்ததும் சாய்ந்துவிடுகின்றன.

சிரிக்கத் தெரிந்தவர்

நம் காலத்தில் பெரிதும் பேசப்பட்டவர் ஸ்டெபன் மோலர் என்னும் செருமானியர். 1990களில் போலந்து மொழி கற்க வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். செருமானிய மொழி கற்பித்தார். மேடையிலும் தொலைக்காட்சித் தொடரிலும் நடித்து அந்நாட்டில் வீடுதோறும் அறியப்பட்டார். தம் பட்டறிவைப் போலந்து மொழியில் 2006இலும், 'விவா பொலோனியா' என்னும் பெயரில் செருமானிய மொழியில் 2008இலும் நூலாக்கினார். செருமானிய நூலின் துணைத் தலைப்பு, போலந்தில் தாம் ஒரு செருமானிய 'விருந்தினர் தொழிலாளி' என்று கூறுகிறது. செருமானியர் அச்சொல்லால் குறித்தது, தம் நாட்டிற்குப் பிழைப்புத் தேடி வந்த அயலாரை. பெரும்பான்மையும் போலந்து மக்களே மேற்கு நோக்கிப் பிழைக்கச் செல்வர். அச்சொல்லை எடுத்துத் தமக்கே சூட்டிக்கொண்டதில் மோலரின் நேர்மை விளங்குகிறது. 'நான் மேலிருந்து நோக்கவில்லை. வேலை தேடி வந்து உங்களிடையே வாழ்கிறேன்' என்பதைத் தலைப்பிலேயே அறிவித்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் போலந்திற்குச் செருமானியர் இழைத்த கொடுமைகளை எண்ணிப் பார்த்தால், ஒரு செருமானியர் தம்மையே சிறுமைப்படுத்திச் சிரிப்பது வெறும் விகடம் அன்று, நாகரிகம்.

ஆயினும் குறை ஒன்று உண்டு. நூல் அகராதிபோலத் தலைப்புச் சொற்களின் அகரவரிசையில் அமைந்தது. படிப்பதற்கு இனிது, எடுத்த பக்கத்தில் தொடங்கலாம். ஆனால் அகரவரிசைக்குப் பொழுது கிடையாது. நூற்றாண்டுகள் கடந்த வழக்கமும் நேற்றுத் தோன்றிய பழக்கமும் அடுத்தடுத்த பக்கங்களில் ஒரே தகுதியோடு அமர்ந்துவிடும். நகைச்சுவை நூல் வரலாற்று நூலாக வேண்டும் என்பது என் கோரிக்கை அன்று. அவ்வமைப்பைப் பின்பற்றி எழுதத் துணிவோர்க்கு இஃது எச்சரிக்கை.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். இன்று போலந்தில் தங்கும் அயலார், பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பேரங்காடிகள் மூடியிருக்கக் காண்பார். 'சமயப் பற்று மிக்க மக்கள். ஓய்வு நாளில் வாணிகம் செய்யார்' என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது தொன்றுதொட்டு வந்த வழக்கம் அன்று. 2018 மார்ச்சு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த சட்டம். அதனை முன்னின்று கோரியது சொலிடாரிட்டி தொழிற்சங்கம். கடை ஊழியர்க்கு ஓய்வு வேண்டும் என்பது கோரிக்கை. உரிமையாளரே நின்று விற்கும் சிறு கடைகளுக்கு விலக்கும் உண்டு. 1980களில் வரிசையைப் பண்பாக்கிய அதே பிழை, இன்று பூட்டிய கதவைப் பண்பாக்கக் காத்திருக்கிறது.

மொழி என்னும் வாசல்

மோலர் வெற்றி பெற்றதற்கு அடிப்படை அவர் மொழியைக் கற்றதே. தமிழாசிரியராகிய நமக்கு இஃது உவப்பான செய்தி. போலந்து மொழியில் அறியாதவரையும் மூத்தோரையும் முன்னிலைச் சொல்லால் விளிப்பதில்லை. ஆடவரைப் 'பான்' என்றும் மகளிரைப் 'பானி' என்றும் குறித்து, வினையைப் படர்க்கையில் முடிப்பர். எதிரே நிற்பவரிடமே 'ஐயா தேநீர் அருந்துகிறாரா?' என்று கேட்பது போன்றது. மொழி அறியாத அயலாருக்கு இது விறைப்பாகத் தோன்றும். 'நீங்கள்', 'தாங்கள்' என்னும் மரியாதைப் பன்மையில் வளர்ந்த நமக்கோ அதன் உள்ளம் எளிதில் விளங்கும். பின்னர் ஒரு நாள் மூத்தவரோ மகளிரோ முன்வந்து, 'இனிப் பெயர் சொல்லியே அழைக்கலாம்' என்பார். சிலர் கிண்ணம் உயர்த்தி அதனைச் சடங்காகவே செய்வர். அந்நாள் வந்ததா என்பதை வைத்தே, தங்கி வாழும் அயலார் எவ்வளவு தூரம் உள்ளே சென்றார் என்பதை அளந்துவிடலாம்.

வீட்டு வாசலில் காலணியைக் கழற்றுவதும், விருந்தினர்க்கு வீட்டுச் செருப்பு எடுத்துக் கொடுப்பதும், வாசற்படிக்கு இருபுறமும் நின்று கைகுலுக்குவது ஆகாது என்பதும் அவர்தம் இல்லற வழக்கங்கள். விருந்தினர் வீட்டிற்கு வருவது கடவுளே வருவதாகும் என்னும் பொருளில் பழமொழி ஒன்றும் உண்டு. திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் கண்ட நமக்கு இவை அயலாகத் தோன்றா. இவற்றை எழுதுவோர் தெரு முனையிலிருந்து எழுத இயலாது. வாசற்படியைத் தாண்டியிருத்தல் வேண்டும்.

வெற்று இருக்கை

இனி, அயலார் எழுத்தில் தவறாமல் இடம்பெறும் காட்சி ஒன்றைக் காண்போம். திசம்பர் 24ஆம் நாள் இரவு உணவை 'விகிலியா' என்பர். வானில் முதல் விண்மீன் தோன்றியதும் குடும்பத்தார் அமர்வர். மேசை விரிப்பின் கீழே சிறிது வைக்கோல் இருக்கும். 'ஒப்வாத்தெக்' என்னும் மெல்லிய அப்பத்தை ஒருவர்க்கொருவர் பிட்டுக்கொடுத்து வாழ்த்துக் கூறுவர். இறைச்சி இராது, பன்னிரண்டு உணவு வகைகள் இருத்தல் மரபு. மேசையில் ஓர் இருக்கை வெறுமையாகவே இருக்கும். எதிர்பாராது கதவைத் தட்டும் வழிப்போக்கர்க்கு அது. மறைந்தவரையும் தொலைவில் இருப்பவரையும் நினைந்து வைக்கப்படுகிறது என்று கூறுவோரும் உண்டு. பங்கீட்டு அட்டைக் காலத்திலும் அவ்விருக்கை இருந்தது. பேரங்காடிக் காலத்திலும் இருக்கிறது. வரிசை மறைந்தது, இருக்கை நின்றது. உரிப்பொருள் என்று கூறத் தக்கது ஒன்று உண்டெனில் இதுவே என்று கூறத் தோன்றுகிறது.

ஆனால் இங்கேயும் பொழுதை மறத்தல் ஆகாது. அவ்விருந்தின் தலையாய உணவு கெண்டை மீன். சந்தையில் உயிரோடு வாங்கி வந்து, விழா நாள்வரை குளியல் தொட்டியில் நீந்த விடுவர். இதனைத் தொன்மையான மரபென்றே அயலார் பலரும் கருதுவர். கெண்டை பழைய உணவே. எனினும் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் அதுவே முதன்மை பெற்றது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசு மீன்பண்ணைகள் அதனை மலிவாகப் பெருக்கியதால். ஒரு காலத்தின் பொருளியல் அடுத்த தலைமுறையின் மரபாகிவிட்டது. எனவே 'இது பண்பாடு, அது சூழ்நிலை' என்று கோடு கிழிப்பது நான் தொடக்கத்தில் எண்ணியதுபோல் எளிதன்று. சூழ்நிலையும் நெடுங்காலம் தங்கிவிட்டால் பண்பாட்டு மேசையில் இடம்பெற்றுவிடுகிறது. இதனை உணர்த்தும் எழுத்தே நிறைவான எழுத்து.

மற்றொரு சிக்கலும் உண்டு. 2022 பிப்ரவரியில் உருசியா உக்ரேன்மீது படையெடுத்தபோது, எல்லை கடந்து வந்த இலட்சக்கணக்கான மக்களுக்குப் போலந்துக் குடும்பங்கள் தம் வீடுகளைத் திறந்தன. வெற்று இருக்கை வெறும் சடங்கு அன்று என்பதற்கு அது சான்றாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு, 2021இல், பெலருஸ் எல்லைக் காடுகள் வழியே மத்தியக் கிழக்கு முதலிய இடங்களிலிருந்து வந்தோர் திருப்பித் தள்ளப்பட்டனர். சிலர் அக்காட்டிலேயே மாண்டனர். பின்னர் அவ்வெல்லையில் வேலி எழுந்தது. அந்நாட்டு இயக்குநர் ஆக்னியெஷ்கா ஹோலண்ட் 2023இல் எடுத்த 'பச்சை எல்லை' என்னும் படம் இதனையே வினவியது. அக்காட்டில் பட்டினி கிடந்தோர்க்கு உணவும் போர்வையும் இரகசியமாகக் கொண்டு சென்ற ஊர் மக்களும் இருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். இருக்கையை மட்டும் பாடிக் காட்டினை விடுவது முகமன். காட்டினை மட்டும் எழுதி இருக்கையை மறைப்பது பகைமை. இரண்டையும் ஆண்டோடு எழுதுவதே திறனாய்வு ஏற்கும் எழுத்து.

தமிழில் ஒரு தலைப்பு

தமிழில் இத்துறைக்கு நாம் பெருமைப்படத்தக்க தொடர்பு ஒன்று உண்டு. இந்திரா பார்த்தசாரதி 1981 முதல் 1986 வரை வார்சாப் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராக இந்தியத் தத்துவமும் பண்பாடும் கற்பித்தார். 1981 திசம்பர் 13ஆம் நாள் அங்கே இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது, தொலைபேசிகள் துண்டிக்கப்பட்டன. இணைப்பு மீண்டபோது, 'உரையாடல் கண்காணிக்கப்படுகிறது' என்னும் பதிவுக் குரல் இடையில் ஒலித்தது. அத்தகு காலத்தில் அங்கே வாழ்ந்த தமிழ் எழுத்தாளர், போலந்தைக் களமாகக் கொண்டு 'ஏசுவின் தோழர்கள்' என்னும் நாவலை எழுதினார்.

அதன் கதைப்பின்னலை விரிப்பது இங்கே என் நோக்கம் அன்று. தலைப்பொன்றே என் கருத்திற்குத் துணை நிற்கிறது. தமிழில் 'தோழர்' என்பது பொதுச்சொல்லாயினும் பொதுவுடைமையாளர் தம்முள் வழங்கும் விளி அது. ஏசுவோ திருச்சபைக்கு உரியவர். ஒரே நகரில் மாதா கோயிலும் கட்சி அலுவலகமும் மக்கள் உள்ளத்திற்குப் போட்டியிட்ட பொழுதை அவ்விரு சொற்கள் இணைத்துப் பிடிக்கின்றன. நிலப்பெயர் தலைப்பில் இல்லை, பொழுது இருக்கிறது. அயல்நாட்டை எழுத விழையும் நம் இளைஞர் இத்தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவைத்துச் சிந்திக்கலாம்.

முடிவுரை

தொலைவில் உள்ள போலந்தைப் பற்றி இத்துணை கவலை ஏன் என்று கேட்கலாம். நம்மைப் பற்றியும் அயலார் எழுதியிருக்கின்றனர். தோட்டத் துரைமார் காலத்து எழுத்துகளில் தென்னிந்தியத் தொழிலாளி 'அடங்கி நடப்பவன்' என்று குறிக்கப்பட்டான். லயத்து வாழ்வும் கள்ளுக்கடையும் நம் இனத்தின் இயல்பாகவே எண்ணப்பட்டன. லயத்தைக் கட்டியவர் யார், கள்ளுக்கடைக்கு இடம் கொடுத்தவர் யார் என்னும் வினா எழவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அடங்கி நடப்பவர் என்று எழுதியோர் திகைத்தனர். பொழுதை நீக்கி எழுதப்பட்டதால் வந்த இழிவை நம் பாட்டன்மார் சுமந்தனர். அதே அநீதியை நாம் பிறர்க்கு இழைத்தல் தகுமா? போலந்து மக்களைப் பிறவிப் பொறுமைசாலிகள் என்று நான் எழுதியது, நம்மவரை அடங்கி நடப்பவர் என்று எழுதிய கையின் செயலே. மை மட்டும் வேறு.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இது. அயல்நாட்டு வாழ்வைப் பற்றிய பகுதி ஒன்றைக் கற்பிக்குங்கால் மூன்று வினாக்களை மாணவரிடம் எழுப்புவோம். எழுதியவர் கண்டது எந்த ஆண்டில்? அவர் எங்கே நின்று கண்டார். அவர் சட்டைப்பையில் என்ன இருந்தது? அவர் கண்டதற்குக் காரணம் தேடினாரா, அன்றிப் பெயரடை சூட்டிவிட்டு அகன்றாரா? இம்மூன்றிற்கும் விடை தரும் எழுத்து எளிய நடையில் இருப்பினும் ஏற்போம். விடை தராத எழுத்து எத்துணை இனிய நடையில் இருப்பினும் ஐயுறுவோம்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி அயல்நாடு ஒன்றைப் பற்றி எழுதிய கட்டுரை என் மேசைக்கு வந்தது. 'அந்நாட்டு மக்கள் எப்போதும்' என்று ஒரு தொடர் தொடங்கியது. மதிப்பெண் இடுமுன் 'எப்போதும்' என்னும் சொல்லின் கீழ்க் கோடிட்டு, 'எந்த ஆண்டில், அம்மா?' என்று ஓரத்தில் எழுதினேன். அவள் நூலகத்திற்குச் சென்றாள். மறுவாரம் அத்தொடரை அடித்துவிட்டு, ஆண்டைக் குறித்துப் புதிதாக ஒரு பத்தி எழுதிக் கொண்டுவந்தாள். 1992இல் எனக்குக் கிடைக்காத திருத்தம் அவளுக்குக் கிடைத்தது.